வெறும் தூக்குச்சட்டி

கடலை அடைத்துவிட்டார்கள் என்று செய்தி வந்த அன்றைக்கே எனக்குச் சந்தேகம் தட்டியது. எங்கோ ஒரு பெரிய நாடும் ஒரு சின்ன நாடும் முறைத்துக்கொண்டதில், நடுவிலிருந்த குறுகலான கடல்பாதையில் கப்பல்கள் போக வழியில்லாமல் நின்றுவிட்டன என்றார்கள். மறுநாள் விடியுமுன் சிவகாசியில் காகித விலை ஏறிவிட்டது. கப்பலில் நிற்கும் காகிதத்துக்கு விலை ஏறினால் நியாயம். குடோனில் போன மாதமே வந்து இறங்கிய காகிதத்துக்கு என்ன கேடு வந்தது? கடலை அடைத்தது அந்தச் சின்ன நாடா, நம் ஊர் மொத்த வியாபாரிகளா என்று நான் கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிப்புக்காகக் கேட்கவில்லை.

திருத்தங்கலில் ஒரு ஆப்செட் அச்சகத்தில் நான் புரூப் பார்க்கிறவன். பட்டாசுப் பெட்டியின் லேபிளில் நிறம் விலகியிருக்கிறதா, எழுத்து விட்டுப்போயிருக்கிறதா என்று பார்ப்பது வேலை. சரியாக இருக்கிறது என்று நினைத்துப் பார்த்தால் தப்பு கண்ணில் படாது. தப்பு இருக்கிறது என்று நினைத்துத்தான் பார்க்க வேண்டும். ஆக, சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. யாராவது வலிய வந்து சிரித்தால் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

காகிதக் கதையைக் கேட்டுச் சிரித்தவர்களில் உள்ளூர் கேபிள் சேனல் நடத்தும் பாயும் ஒருவர். "இதையே நாடகமா எழுதிக் குடுங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் போடுவோம்" என்றார். இவருக்கு இதில் என்ன லாபம் என்று ரெண்டு நாள் யோசித்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. எழுதிக் கொடுத்தேன். 'மூடுன கடல்' என்று பேர் வைத்தோம். கேபிள் ஆபீஸ் மாடியறைதான் ஐ.நா. சபை. பின்னால் தொங்கிய உலகப்படத்தை எங்கள் அச்சகத்திலேயே பிளெக்ஸ் அடித்தோம். அறையின் அகலம் போதாமல் ஓரத்தில் ஒரு கண்டத்தை மடித்துவிட வேண்டியதாயிற்று.

பெரிய நாட்டின் அதிபராக நடித்தது என் மச்சான். என் அக்காவின் வீட்டுக்காரர். ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நெடுநாளாகப் போர்மேன். ஆள் ஆஜானுபாகு, குரல் அதைவிட. கல்யாண ரிசப்ஷன் கோட்டை மாட்டிக்கொண்டு அவர் மேசையைத் தட்டினால் மைக்கே வேண்டியதில்லை. அப்பா விட்டுப்போன மல்லாங்கிணற்று மானாவாரிக் காட்டைப் பங்கு வைத்ததில் அக்கா வீட்டுக்கும் எங்களுக்கும் கொஞ்சம் வாய்த்தகராறு ஆகி, அது ஆறியிருந்த சமயம். நான் நடிக்கக் கூப்பிட்டதும் மச்சான் மறுபேச்சில்லாமல் வந்தது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. எதற்கு இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டார் என்றும் இருந்தது.

முதல் வாரம் ஒளிபரப்பான மறுநாளே டீக்கடையில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். பெரிய நாடு என்றால் மச்சானின் முதலாளி, சின்ன நாடு என்றால் அந்த முதலாளியுடைய பெரியப்பா மகன். ரெண்டு பேருக்கும் அடுத்தடுத்த கம்பெனி. நடுவில் லாரி போகிற பாதை ஒன்றுதான். அது யாருடையது என்பதில் தகராறு முற்றி, பெரியப்பா மகன் ஒரு பழைய லாரியைப் பாதையின் குறுக்கே நிறுத்திவைத்திருந்தார். என் நாடகத்திலோ சின்ன நாடு ஓட்டைக் கப்பல் ஒன்றைக் கடல் நடுவே நிறுத்துகிறது. பேப்பர் படித்து எழுதினேன் என்று நான் தலைகீழாக நின்று சொன்னேன். "அது சரி" என்றார்கள். இங்கே "அது சரி" என்றால் நம்பவில்லை என்று அர்த்தம்.

முதலாளி கோபப்படுவார் என்று பயந்தோம். அவருக்கோ ஒரே குஷி. கம்பெனி வாசலில் மச்சானை நிறுத்தி, "அடுத்த வாரம் நாமதானய்யா செயிக்கோம்?" என்று கேட்டாராம். சினம் கொள்ள வேண்டிய மனிதர் சிரித்தால் அதுதான் ஆபத்து என்று மச்சானிடம் சொன்னேன். "உங்களுக்கு நெழலைப் பாத்தாலும் பயம் மாப்ளே" என்றார்.

மூன்றாவது வாரத்துக்கு நான் எழுதியது இதுதான்: சின்ன நாடு சமாதானத்தை மறுத்து ஒரு கடிதம் அனுப்புகிறது, அதிபர் அதைப் படித்துக் கொதிக்கிறார். மாடியறையில் ஒத்திகை பார்க்கும்போது மச்சான் காகிதத்தைக் கீழே வைத்தார். "கடுதாசியெல்லாம் வேண்டாம் மாப்ளே. ஒரு தூக்குச்சட்டி குடுங்க" என்றார்.

அவர் சொன்னபடி மாற்றினோம். அதிபரின் மனைவி, புருஷனுக்குத் தெரியாமல், சின்ன நாட்டுக்கு ஒரு தூக்குச்சட்டி நிறைய அதிரசம் சுட்டு அனுப்புகிறாள். பகையை விட்டுவிடுவோம் என்பதற்கு அதுதான் சாடை. மறுநாள் தூக்குச்சட்டி திரும்பி வருகிறது. கழுவித் துடைத்து, பளபளவென்று, வெறுமையாக. பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்புகிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. ஒன்றுமே இல்லாத வீட்டில்கூட ஒரு கை சீனியாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். வெறும் பாத்திரம் வந்தால், உன் உறவு வேண்டாம் என்று வந்ததாகத்தான் கணக்கு.

மச்சான் அந்தத் தூக்குச்சட்டியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். கவிழ்த்துத் தட்டினார். "ஒரு துளி சீனி கூடவா இல்ல?" என்று கேட்டார். மேசையைத் தட்டுவார் என்று காத்திருந்தோம். தட்டவில்லை. கண் கலங்க, மெல்ல, "கப்பப் படையைக் கெளப்புங்க" என்றார். கேமரா பிடித்தவன் சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கியதில் படமே ஆடியது. இந்த மனிதருக்குள் இப்படி ஒரு நடிகன் எங்கே ஒளிந்திருந்தான் என்று எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஊரே அதைப் பார்த்துச் சிரித்தது. முதலாளி வீட்டிலும் சிரித்திருக்கிறார்கள், அவர் மனைவி ஒருவரைத் தவிர. அந்தம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே எழுந்து போய்விட்டாராம். முதலாளி பின்னாலேயே போய்க் கேட்டபோதுதான் சங்கதி வெளியே வந்தது. பாதைத் தகராறை எப்படியாவது தீர்க்க வேண்டுமென்று அந்தம்மா, புருஷனுக்குத் தெரியாமல், டிரைவரிடம் ஒரு தூக்குச்சட்டியில் பலகாரம் கொடுத்துப் பெரியப்பா மகன் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். அது வெறுமையாகத் திரும்பி வந்திருக்கிறது. விஷயம் தெரிந்தது அந்தம்மாவுக்கும் டிரைவருக்கும் மட்டும். டிரைவர் டீ குடிப்பது மச்சானோடு.

நான் எழுதாத வரி அது. மச்சான் சொன்ன வரி. எனக்கே தோன்றாத ஒன்று அவருக்கு எப்படித் தோன்றியது? கேட்டேன். "தோணுச்சு மாப்ளே" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். முகத்தைப் பார்க்காமல் சொல்கிறவனை நான் எப்போதும் நம்பியதில்லை. டிரைவர் சொல்லித்தான் இவர் சொல்லியிருக்கிறார் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன். அவருக்கு வேலை போய்விடுமே என்ற பயம் ஒரு பக்கம். வேலையோடு முடியாது. முதலாளி வீட்டுக் கதையை வெளியே விற்றவன் என்று பேர் ஆகிவிட்டால், இந்த வட்டாரத்தில் எந்தக் கம்பெனியும் வாசலில் ஏற்றாது. என் அக்கா அந்தச் சம்பளத்தில்தான் அடுப்பு மூட்டுகிறாள்.

மறுநாள் காலை முதலாளி எங்கள் இருவரையும் கம்பெனிக்கு வரச் சொன்னார். சூடம் கொளுத்தி, அதை உள்ளங்கையால் அடித்து அணைத்து மச்சான் சத்தியம் செய்ய வேண்டும் என்றார். கம்பெனி வளாகத்துக்குள் நெருப்புக் கூடாது. எனவே கேட்டைத் தாண்டி, ரோட்டையும் தாண்டி, வேப்பமரத்தடியில் இருக்கும் சாமி கல்லுக்கு முன்னால் போய் நின்றோம். முதலாளி, டிரைவர், கணக்குப்பிள்ளை, வாட்ச்மேன், நாங்கள். சூடத்தை வைத்துவிட்டுப் பார்த்தால் யாரிடமும் தீப்பெட்டி இல்லை. ஊருக்கெல்லாம் தீப்பெட்டி அனுப்புகிற ஊரில், பட்டாசுக் கம்பெனிக்கு வருகிற ஒருவன் மடியிலும் தீக்குச்சி இருக்காது. ஆமத்தூரிலிருந்து பீடி குடித்துக்கொண்டு சைக்கிளில் வந்த ஒருவரை நிறுத்தி வாங்கினோம். அவரும் என்ன விசேஷம் என்று நின்று பார்த்தார்.

"அண்ணாச்சி வீட்டுச் சேதி எனக்குத் தெரியாது. யாரும் எங்கிட்டச் சொல்லல. சாமி சத்தியமா" என்று சொல்லி, மச்சான் எரிகிற சூடத்தின் மேல் ஓங்கி அடித்தார். கையை உடனே எடுக்கவும் இல்லை.

முதலாளி குனிந்து அந்தக் கையைப் பார்த்தார். "சரி, நம்புதேன். அப்ப அந்த வெறுந்தூக்கு எங்கன இருந்துய்யா வந்துச்சு?"

"தோணுச்சு அண்ணாச்சி."

"அம்புட்டும் அச்சு அசலா எப்படித் தோணும்? எங்க பாத்தே, யாரு வீட்ல கேட்டே, அதச் சொல்லு. சொல்லிட்டு உள்ள போய் வேலையப் பாரு."

மச்சான் வாயைத் திறக்கவில்லை. டிரைவர் பார்த்தான், நான் பார்த்தேன், சைக்கிள்காரரும் பார்த்தார். சொல்லித் தொலையுங்களேன் என்று எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. மச்சான் கருகிய உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"நாளைலருந்து வர வேண்டாம்" என்றார் முதலாளி.

அன்றோடு 'மூடுன கடல்' முடிந்தது. பாய் உலகப்படத்தைச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டார். மச்சான் வேறு கம்பெனிகளில் கேட்டுப் பார்த்தார். ஆர்டர் குவிகிற சீசனில், ஆள் கிடைக்காமல் தவிக்கிறவர்கள்கூட, "பாத்துச் சொல்லுதோம்" என்றார்கள். பொய்ச் சத்தியம் செய்தவர் என்ற கோபம் எனக்குள் புகைந்துகொண்டே இருந்தது. ஒரு மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போய், அவள் தனியாக இருந்த சமையலறையில் வைத்தே கேட்டுவிட்டேன்.

"உண்மையச் சொல்லு. டிரைவர்தானே மச்சான்கிட்டச் சொன்னான்?"

அக்கா அரிவாள்மணையை விட்டு நிமிர்ந்தாள். "மொதலாளி வீட்டுத் தூக்கு எங்களுக்கு எதுக்குலே? பொங்கலுக்கு நான் உனக்கு அதிரசம் சுட்டுக் குடுத்துவிட்டேனே, நெனைவிருக்கா? காட்டுத் தகராறு போதும், தம்பி வந்து போகட்டும்னு சுட்டேன். அவருதான் கொண்டாந்து குடுத்தாரு. ஒம் பொண்டாட்டி அன்னைக்கு ஊர்ல இல்ல. மறுநாளு பிரஸ் வண்டியில தூக்கு வந்துச்சு. கழுவித் தொடச்சு."

அதிரசம் தின்றது நினைவிருந்தது. தூக்குச்சட்டி நினைவில்லை.

"தெறந்து பாத்துட்டு அவரு அன்னைக்குச் சாப்பிடலைலே. வாய்விட்டு ஒண்ணும் சொல்லவும் இல்ல. என்னத்துக்கு அதிரசம் அனுப்புதா, காட்ட இன்னும் கேப்பாளோன்னு நீ யோசிச்சிருப்பே. ஒனக்குத்தான் எல்லாத்துலயும் சந்தேகமாச்சே."

மச்சான் முன்னறையில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். போய் அவர் எதிரே நின்றேன். உள்ளங்கையில் தோல் இன்னும் சரியாக வளரவில்லை.

"மொதலாளி கேட்டாரே, சொல்லியிருக்க வேண்டியதுதானே மச்சான்?"

"அத்தனை பேருக்கு முன்னாலயா?" என்றார். "டிவில கவுத்தப்ப அது ஏதோ ஒரு நாட்டுத் தூக்கு மாப்ளே. அங்கன நின்னு சொன்னா அது உங்க தூக்கு."

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். எனக்கு அங்கே ஒரு வாய் இறங்கவில்லை. மறுநாள் காலையிலேயே முதலாளியைப் பார்க்கப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். என் வீட்டிலிருந்து போன வெறும் பாத்திரம்தான் அது, மச்சான் என் மானத்துக்காகத்தான் வாயைத் திறக்காமல் நின்றார், சூடம் அணைத்துச் சொல்லவும் தயார் என்றேன்.

அவர் நிதானமாக, முழுக்கக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றி என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையை எனக்கு நன்றாகத் தெரியும். புரூப் பார்க்கும்போது நான் பார்க்கிற பார்வை.

"அக்கா புருசனுக்காக வந்திருக்கீக. நல்லது. எழுதுற ஆளுல்லா, நல்லாத்தான் இருக்கு கதை" என்றார். "காப்பி சாப்பிட்டுப் போங்க."

அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.