இரண்டே மாதம்

மேஸ்திரி கூரையிலிருந்து முதல் ஓட்டை இறக்கியதும் பழைய கரியும் பல்லி எச்சமும் கலந்த தூசி மூக்கில் ஏறியது. அதே நெடி.

முன்பு இதே வீட்டுக்கு ஓடு மாற்றியபோது எனக்கு ஒன்பது வயது. பெரியப்பா அப்பாவிடம் சொன்னார்: “எலே, ஓடு மாத்தணும். ரெண்டே மாசம், பிள்ளையளக் கூட்டிட்டு வெளிய இரி. வீட்ட நான் நோக்கிக்கிடுதேன்.”

உதியன்குளங்கரையில் டயர் கடைக்குப் பின்னால் ஓர் அறையில், ரப்பர் புகையைத் தின்றபடி கிடந்தோம். வேலை முடிந்து பாயும் பாத்திரமுமாகத் திரும்பியபோது உள்ளே பால் பொங்கித் தீய்ந்த மணம். எங்களை அழைக்காமலே பெரியப்பா குடும்பத்தார் பால் காய்ச்சிக் குடியேறிவிட்டார்கள். பெரியப்பா வாசலிலேயே டம்ளரை நீட்டினார். “குடிச்சிட்டுப் போங்கோ.”

அப்பா குடித்தார். நான் குடிக்கவில்லை.

வளர்ந்தபின் வழக்கு நடத்தி வீட்டை நான் மீட்டுவிட்டேன். போனால் போகிறதென்று பின்னறையில் இருக்கவிட்ட பெரியப்பா, இன்று கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“தூசி எனக்கு சாரமில்ல மக்கா, ஒண்ணும் செய்யாது. நான் இங்ஙனயே கெடக்கேன்.”

“ஒரு மூலைய ஒதுக்கிக் குடுக்கலாம்,” என்றார் மேஸ்திரி. “நீங்க சொல்லுங்கோ.”

வெளியே போகிறவருக்கு என்ன ஆகும் என்பது பெரியப்பாவுக்குத் தெரியாதா?

“ரெண்டே மாசமாக்கும் பெரியப்பா,” என்றேன். “வீட்ட நான் நோக்கிக்கிடுதேன். பால் காய்ச்சுற அன்னைக்கு வாருங்கோ. குடிச்சிட்டுப் போலாம்.”