கீப்பர் கூப்பிட்ட பந்து

ஆறு வருடம் நான் ஒரு பெண்கள் கால்பந்து கிளப்பில் கோல்கீப்பராக இருந்தேன். கடைசி சீசனை ஒற்றைக் கண்ணோடு ஆடினேன். கிளப்பில் அது ஒருத்திக்கு மட்டும் தெரியும்.

அவள் சிதம்பரத்துக்காரி. கல்லூரி டீமில் எனக்கு முன்னால் டிபெண்டராக நின்றவள். நான் கடலூரிலிருந்து கல்லூரிக்குத் தினமும் பஸ்ஸில் போவேன். செம்மங்குப்பம் வந்ததும் எல்லோரும் மூக்கைப் பொத்துவார்கள், நான் பொத்த மாட்டேன். அப்பாவுக்கு அங்கே ஒரு ரசாயனக் கம்பெனியில் ஷிப்ட் வேலை. அந்த நெடி எங்கள் வீட்டுத் துணிக்கொடியிலேயே தொங்கும்.

படிப்பு முடிந்ததும் சென்னையில் ஒரு கிளப் எங்கள் இருவரையும் எடுத்தது. அவள் முதல் மேட்சிலேயே இறங்கினாள். நான் நாலு வருடம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். முதல் கீப்பருக்கு அடிபடாதா என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டே அவளுக்குத் தண்ணீர் பாட்டில் நீட்டுவதுதான் இரண்டாவது கீப்பரின் பிழைப்பு. ஐந்தாவது வருடம் அந்த முதல் கீப்பர் கல்யாணமாகிப் போனாள். இடம் எனக்கு வந்தது.

அந்த சீசன் முடிகிற நேரத்தில், பயிற்சியின்போது பக்கத்திலிருந்து அடித்த பந்து என் இடது கண்ணில் பட்டது. வீக்கம் இரண்டு நாளில் வடிந்துவிட்டது. பிறகு கறுப்பு நூல்கள் மிதந்தன. தூக்கம் போதவில்லை என்று நினைத்தேன். மூன்று வாரம் கழித்து, பார்வையின் ஓரத்திலிருந்து யாரோ திரையை இழுப்பதுபோல் இருட்டிக்கொண்டு வந்தபோதுதான் பாண்டிச்சேரி கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். விழித்திரை கழன்றிருந்தது. ஆபரேஷன் செய்து, பத்து நாள் குப்புறப் படுக்க வைத்தார்கள். எழுந்தபோது அந்தக் கண்ணுக்கு வெளிச்சமும் ஆள் அசைவும் மட்டும் தெரிந்தன.

"இன்னொரு அடி பட்டா மிச்சமிருக்கிற இந்தப் பார்வையும் போயிடும். விளையாட்டை விட்டுடுங்க" என்றார் டாக்டர்.

கிளப்பில் சின்ன ஆபரேஷன் என்று சொல்லிவைத்தேன். அடுத்த சீசனின் மருத்துவப் பரிசோதனையில், சுவரில் எழுத்து அட்டையை மாட்டி ஒரு கண்ணை மூடிப் படிக்கச் சொன்னார்கள். இடது கையால் இடது கண்ணை மூடிப் படித்தேன். "அடுத்த கண்ணு" என்றபோது கையை மட்டும் மாற்றினேன். வலது கையால் அதே இடது கண்ணை மூடிக்கொண்டு மறுபடி படித்தேன். அந்த ஆள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலமே சிதம்பரத்துக்காரியிடம் சொன்னேன். ஹாஸ்டல் மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"பைத்தியமாடி நீ? கண்ணு தெரியாம எப்படிடி பந்தப் புடிப்ப?"

"ஒரு கண்ணு நல்லாத்தான் தெரியுது. எடப்பக்க ஓரத்துலேர்ந்து தூக்கிப் போடற கிராஸ் மட்டுந்தான் கஷ்டம். நாலு வருஷம் உக்காந்தே இருந்தேன்டி. ஒரு வருஷந்தான் ஆடியிருக்கேன்."

எடுத்த துணிகளையெல்லாம் மடித்து அடுக்கினாள். பிறகு, "இந்த சீசன் மட்டுந்தான். நான் கத்தறேன். 'வெளிய'ன்னா வா. 'நில்லு'ன்னா கோலை வுட்டு நகராத" என்றாள்.

ஏழு மேட்ச் அப்படியே ஓடியது. இடப்பக்கப் பந்துகளை அவள் குரலை வைத்தே பிடித்தேன். நாலு மேட்சில் ஒரு கோல்கூட வாங்கவில்லை. எங்கள் இருவருக்கும் நல்ல புரிதல் என்று கோச் மற்றவர்களுக்கு எங்களையே உதாரணம் காட்டினார்.

எட்டாவது மேட்ச் வெளியூரில். மதிய வெயில். கேலரியில் பேண்டு வாத்தியம் வைத்து அடித்துக்கொண்டிருந்தார்கள். இடது ஓரத்திலிருந்து கிராஸ் வந்தது. அவள் கத்தினாள். "நில்லு" என்றுதான் கத்தியதாகப் பின்னால் சொன்னாள். என் காதில் "வெளிய" என்றே விழுந்தது. விழுந்ததா, விழ வேண்டுமென்று நான் ஆசைப்பட்டேனா, இன்றைக்கும் தெரியாது. "கீப்பர்!" என்று கூப்பிட்டுக்கொண்டு முழங்காலைத் தூக்கி எகிறினேன். பந்து இருக்கும் என்று நினைத்த இடத்தில் பந்து இல்லை. என் முழங்கால், ஊன்றியிருந்த அவள் காலில் பக்கவாட்டில் இறங்கியது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது.

பந்து யார் மேலும் படாமல் வெளியே போனது. எங்களுக்கு கோல் கிக் கொடுத்தார்கள். அவளை ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோன பிறகு அந்தக் கிக்கை நான்தான் அடித்தேன்.

மேட்ச் முடிந்து உடை மாற்றும் அறையில் கோச் சொன்னார்: "கீப்பர் கூப்பிட்டா டிபெண்டர் ஒதுங்கணும். ஸ்கூல் பசங்களுக்கே தெரியும் இது." எல்லோரும் தலையாட்டினார்கள். நான் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவள் அம்மா கட்டிலோரம் உட்கார்ந்திருந்தார். "நீதான் அவ்ளோ சத்தமா கத்துனியாமே. இவ ஏன் நவுரல? சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான், சொன்னா கேக்க மாட்டா" என்றார். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் ஆரஞ்சுப் பழங்களை வைத்துவிட்டு வந்தேன்.

அவள் முட்டிக்கு இரண்டு ஆபரேஷன் நடந்தது. இரண்டாவதில் சீழ் வைத்துவிட்டது. கால் முழுசாக மடங்கவே இல்லை. அந்த சீசனின் மிச்ச மேட்ச்களை நான் ஆடி முடித்தேன். அடுத்த வருடப் பரிசோதனையில் மெஷின் வைத்துக் கண்ணைப் பார்த்தார்கள். அன்றே பெட்டியைக் கட்டினேன். என் கண்ணையும் அவள் காலையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து நாலு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்ததும் சிதம்பரம் பஸ் ஏறினேன். அவள் அம்மா காப்பி கொண்டுவந்து வைத்தார். அவள் எதிரிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். கண், எழுத்து அட்டை, கத்தியது, கோச் பேசியபோது நான் வாய் திறக்காதது. அம்மா, நான் தொடாத டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அவள் தெருமுனை வரைக்கும் வந்தாள். ஒவ்வொரு எட்டுக்கும் இடுப்பை வளைத்து அந்தக் காலை வீசிப் போட வேண்டியிருந்தது.

"பாவமன்னிப்பு வேணும்னா உங்க ஃபாதர்கிட்ட போயிருக்கலாம்ல? எங்க வீட்டுக்கு ஏன் வந்த?"

"உங்கம்மா உன்னயே குத்தம் சொல்றாங்களேன்னு…"

"நான் வாய மூடிட்டு இருந்தது உனக்காகன்னு நெனச்சியா? உன் கண்ணு விஷயம் தெரிஞ்சும் கூட ஆடுனவ நான். ரெண்டு பேரையும் தூக்கிடுவாங்கன்னு பயந்தேன். இப்ப எங்கம்மா கேப்பாங்க, தெரிஞ்சே ஏன்டி ஆடுனன்னு. அதுக்கு நான் என்னா சொல்ல?"

பஸ் வரும்வரை நிற்காமல் திரும்பிப் போனாள். அதன்பிறகு என் போனை அவள் எடுக்கவில்லை.

இப்போது கடலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருக்கிறேன். போன வருடம் பெண்கள் டீமைக் கூட்டிக்கொண்டு சிதம்பரத்தில் ஒரு போட்டிக்குப் போனேன். பதிவு மேஜையில் அவள் உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். கால் மேஜைக்கு அடியில் நீட்டியபடி இருந்தது. வரிசையில் என் முறை வந்தபோது என்னை நேராகப் பார்த்தாள்.

"டீம் லிஸ்ட் குடுங்க மேடம்" என்றாள்.

கொடுத்தேன். பெயர்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, சீல் குத்தி, என்னிடம் நீட்டிவிட்டு அடுத்த பள்ளியைக் கூப்பிட்டாள்.