பழகாத கைக்குத்தான் சம்பளம்

விளையாடத் தெரியாத ஆளாகப் பார்த்துச் சம்பளம் கொடுக்கிற வேலை ஒன்று இருக்கிறது. கேம் டெஸ்டர் என்று அதற்குப் பேர். புதுசாக ஒரு கேமோ, பழைய கேமில் புதுசாக ஒரு பகுதியோ செய்தால், ஊருக்கு விடுவதற்கு முன்னால் சிலபேரிடம் கொடுத்து ஓட்டிப் பார்ப்பார்கள். கோச்சடையில் ஒரு சின்னக் கம்பெனியில் அந்தச் சிலபேரில் ஒருத்தியாக நான் இருந்தேன். எங்களுடையது மினி பஸ் கேம். போனுக்குள் பஸ் ஓட்டி ஆளை ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும், அம்புட்டுதான். அடிக்கடி ஒரு புது ரூட் விடுவார்கள். உங்களிலும் யாராவது இப்படிப் போனைத் தேய்த்துக் கஞ்சி குடித்திருந்தால் நான் சொல்லப்போவது புரியும். மற்றவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

வேலை வந்த விதம்

நான் எட்டாவது வரைக்கும் படித்தவள். வீட்டுக்காரருக்குக் கேரளாவில் சென்ட்ரிங் வேலை, விசேஷத்துக்குத்தான் வருவார். விளாங்குடியில் ஒரு ரூமில் நானும் மூணு வயசுப் பாப்பாவும் இருந்தோம். மில் வேலைக்குப் போகலாம், வேன் தெருமுனைக்கே வரும். ஆனால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக முடியாது. பேரையூரில் அம்மாவிடம் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். என்னிடம் இருப்பதே அவள் ஒருத்திதான், அவளையும் அனுப்பிவிட்டு யாருக்குச் சமைப்பது என்று மில்லுக்குப் போகாமலே நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் தெருவில் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிற அண்ணன் கூப்பிட்டு, கோச்சடையில் ஒரு கேம் கம்பெனிக்குப் பொம்பளை ஆள் கேட்கிறார்கள் என்றார். எனக்குப் போனில் பேசுவதும் போட்டோ பார்ப்பதும் தவிர ஒன்றும் தெரியாதே அண்ணே என்றேன். அதைச் சொல்வதற்கே கூச்சமாக இருந்தது. அவர் கையில் இருந்த போனைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்படி ஆளைத்தான் தாயி கேக்குறாங்க. கேமுன்னா என்னன்னே தெரியக் கூடாதாம். இந்தத் தெருவுல உன்னைய விட்டா வேற யாரு இருக்கா?"

வாய் விட்டுச் சொல்லுங்க

கம்பெனியில் பெரியவர் சரவணன் சார். பெரியவர் என்றால் வயசில் இல்லை, என்னைவிட நாலைந்து வயசு மூத்திருப்பார். புது ரூட் போடுகிறவன் பிரபு. டெஸ்டரை நடுவில் உட்கார வைத்து இரண்டு பேரும் இரண்டு பக்கமும் உட்காருவார்கள். அவர்கள் எழுதலாம், வாய் திறந்து உதவி செய்யக் கூடாது. டெஸ்டர் பேசாமல் இருக்கக் கூடாது. "இது என்னன்னு தெரியல", "இதைத் தொட்டா என்ன ஆகும்" என்று மனசில் ஓடுவதை எல்லாம் சத்தமாகச் சொல்லிக்கொண்டே விளையாட வேண்டும். இதுதான் அங்கே முறை.

இரண்டு ஆம்பிளைகளுக்கு நடுவில் நான் எங்கே வாய் திறப்பது? பஸ்ஸைக் கிளப்ப ஒரு பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டுமாம். நான் தொட்டுத் தொட்டு எடுத்துக்கொண்டிருந்தேன். பஸ் நகரவில்லை. உள்ளே இருந்த பொம்மை ஜனங்கள் எல்லாம் கையைத் தூக்கிக் கத்தினார்கள். இவர்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. என் மேல் கோபம் போல என்று நினைத்து எனக்குக் கண் முட்டிக்கொண்டு வந்தது. முதல் நாள் மட்டும் பிள்ளையைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரர்கள் மறுநாள் ஊருக்குப் போய்விட்டதால் பாப்பாவையும் தூக்கிக்கொண்டு போனேன். அவள் மடியில் ஏறி உட்கார்ந்ததும் எனக்கு வாய் வந்துவிட்டது. "பாருடி, பஸ்ஸு போக மாட்டேங்குது. இந்தச் செவப்புப் பொத்தானு எதுக்குன்னு தெரியலடி" என்று அவளிடம் சொல்லச் சொல்ல, பிரபு எழுதிக்கொண்டே இருந்தான்.

இனிமேல் தினமும் பாப்பாவைக் கூட்டிக்கொண்டே வாங்க என்று சாரே சொல்லிவிட்டார். நான் பேச அவள் வேண்டும், அவள் என்னோடு இருக்க இந்த வேலை வேண்டும் என்று ஆகிப்போனது. அன்றைக்கு அவள் பிரபுவின் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"அம்மா, அந்தண்ணன் எழுதிக்கிட்டே இருக்காரே, நீ பெயிலா?"

கெட்டிக்காரப் பசங்க

மழை ரூட் என்று ஒன்று போட்டார்கள். ஆற்றுத் தரைப்பாலத்தில் தண்ணீர் ஏறும், அது வடிகிற நேரம் பார்த்துப் பஸ்ஸைக் கடத்த வேண்டும். அதை ஓட்டிப் பார்க்க, கேமில் முன்னணியில் இருக்கிற காலேஜ் பசங்களாகப் பொறுக்கி எடுத்தான் பிரபு. அந்த வாரம் பாப்பாவுக்குக் காய்ச்சல், நான் போகவில்லை. போயிருந்தாலும் அத்தனை பசங்களுக்கு நடுவில் எதையும் சொல்லியிருக்க மாட்டேன். பசங்க டீ ஆறுவதற்குள் ரூட்டை முடித்துவிட்டு, "சப்பையா இருக்குண்ணே, இன்னும் டைட் பண்ணுங்க" என்றார்களாம். இவர்களும் தண்ணீரை வேகமாக ஏற விட்டார்கள்.

நன்றாக ஓட்டத் தெரிந்தவனிடம் ரோடு எப்படி இருக்கிறது என்று கேட்டால் அவன் எதைச் சொல்வான்? ரூட் வெளியே போன வாரமே ஜனங்கள் தரைப்பாலத்தில் நின்றுபோய், கேமையே அழித்துவிட்டுப் போனார்கள். அந்த மாசக் கடைசியில் வருமானம் இல்லை என்று ஆளைக் குறைத்ததில், கேமுக்குப் படம் வரைகிற பெண் தன் டிபன் பாக்ஸையும் செருப்பையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அவளுக்கும் ஒரு பிள்ளை இருந்தது. அவள் வரைந்த தண்ணீரை யாரும் குறை சொல்லவில்லை. இருந்தாலும் அவள்தான் போனாள். கேமுக்குக் கீழே ஒருத்தர் எழுதியிருந்ததைப் பிரபு சத்தமாகப் படித்தான்.

"பஸ்ஸு ஓட்டச் சொன்னீங்களா, இல்ல ஆத்துல முங்கிச் சாகச் சொன்னீங்களா?"

மச்சான் கூட்டம்

இதில் பயந்துபோன சார், அடுத்த தடவை தெரிந்தவர்களாகப் பார்த்து எடுத்தார். அவர் மச்சான், மச்சானின் கூட்டாளிகள், ஒன்றுவிட்ட தம்பி. இவர்கள் ஆபீசுக்கு வர வேண்டாம், வீட்டில் இருந்தே விளையாடிவிட்டுச் சொன்னால் போதும் என்று ஏற்பாடு. எல்லாரும் நல்லா இருக்கு என்றார்கள். ஒருத்தர்கூட இது எனக்குப் புரியவில்லை என்று சொல்லவில்லை. சார் முகத்தில் ரொம்ப நாளைக்கு அப்புறம் வெளிச்சம் வந்தது. எங்களுக்கெல்லாம் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தார்.

யார் யார் எங்கே தடுக்கி நின்றார்கள் என்பது கம்பெனிக் கம்ப்யூட்டரில் தெரியும். பிரபு அதைப் பார்த்துவிட்டுச் சாரைக் கூப்பிட்டான். மச்சான் போனில் கேம் இறங்கியதோடு சரி, ஒரு தடவைகூடத் திறக்கவே இல்லை. சார் ஸ்பீக்கரில் போட்டு மச்சானிடம் கேட்டார். அவர் கொஞ்சமும் அசரவில்லை. டெஸ்டருக்கு ஆள் எடுக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் மேல் பிரியமாக இருக்கிறவர்களை மட்டும் கூப்பிடாதீர்கள்.

"ஏன் மாப்ள, நீ செஞ்சா நல்லாத்தான் இருக்கும்னு எனக்குத் தெரியாதா? அதை வேற திறந்து பாக்கணுமாக்கும்?"

வெயில்

ஒருநாள் சார் ஒரு லோடு வண்டி டிரைவரைப் பிடித்து வந்தார். பேரையூர்ப் பக்கத்து ஆள், கண்ணாடி விரிசல் விட்ட பழைய போன். என் அம்மா ஊர்க்காரர் என்று எனக்கு ஒரு சந்தோஷம், ஆனால் அதை அவரிடம் சொல்லக் கூச்சம். அவர் ஆபீஸ் நாற்காலியில் உட்கார மாட்டேன் என்றுவிட்டார். "நான் லோடு ஏத்துற இடத்துல காத்துக் கெடக்கும்போதுதான் வெளையாடுவேன், அங்க வாங்க" என்று கூப்பிட்டார்.

எல்லாரும் மத்தியானத்தில் அங்கே போய் வண்டி பக்கத்தில் நின்றோம். நிழல் கிடையாது. போனைத் திறந்தால் இவர்கள் பார்த்துப் பார்த்துப் போட்ட ராத்திரி ரூட், வெயிலில் ஒரே கறுப்பாகத் தெரிந்தது. ரோடு எது, பள்ளம் எது என்று தெரியவில்லை. ஆபீஸ் டியூப் லைட்டுக்குக் கீழே உட்கார்ந்த எங்களில் ஒருத்தருக்கும் அது தோன்றியதில்லை. இரண்டு மாச வேலையைத் திரும்பச் செய்ய வேண்டும் என்று பிரபு தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். டிரைவர் துண்டால் போனைத் துடைத்துச் சாரிடம் காட்டினார்.

"ஒண்ணும் தெரியலண்ணே. உங்க பஸ்ஸுக்கு ஏசி ரூமுக்குள்ள மட்டும்தான் பெர்மிட்டா?"

கை பழகிப்போச்சு

என்னை மாதிரி ஆளுக்கு ஆபீசில் வைத்த பேர் புதுக்கை. புதுக்கை எங்கே தடுமாறுகிறதோ அங்கேதான் வாங்கி விளையாடுகிற ஜனமும் தடுமாறும். ஆனால் புதுக்கை கொஞ்ச நாளைக்குத்தான் புதுக்கையாக இருக்கும், அப்புறம் அதற்கு எல்லாம் தெரிந்துவிடும் என்று சார் ஆரம்பத்திலேயே சொன்னார். அவர் அதை என்னிடம் சொல்லவில்லை, பிரபுவிடம்தான் சொன்னார். பாப்பாவுக்கு முறுக்கு உடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த என் காதில் விழுந்தது. அன்றிலிருந்து எனக்குப் பயம்.

கற்றுக்கொள்ளாமல் இருக்க நான் பட்ட பாட்டை நீங்கள் பட்டிருக்க மாட்டீர்கள். வீட்டில் போனைப் பேச மட்டும் எடுத்தேன். டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பையன் கேம் விளையாடினால் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆபீசில் பிரபு எதையாவது விளக்கினால் காதில் வாங்காமல் பாப்பாவின் சடையைப் பின்னிக்கொண்டிருந்தேன். இத்தனை செய்தும் கை என் பேச்சைக் கேட்கவில்லை. ஒரு புது ரூட்டில் ஹாரன் பொத்தானை இடதுபக்கத்திலிருந்து வலதுபக்கத்துக்கு மாற்றியிருந்தார்கள். புதுசாக வருகிறவர்கள் கண்டுபிடிக்கிறார்களா என்று பார்ப்பதற்காக. என் கட்டைவிரல், நான் திரையைப் பார்ப்பதற்கு முன்னாலேயே, பழைய இடத்துக்குப் போய் அழுத்திக்கொண்டு நின்றது. சார் பார்த்துவிட்டார். எழுதவில்லை. பேனாவை மூடிப் பையில் சொருகினார். பிரபுவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் சந்தோஷமாகச் சொன்னான்.

"சூப்பர்க்கா! இப்ப நீங்களும் எங்களை மாதிரியே ஆயிட்டீங்க."

அடுத்த ஆள்

மறுநாள் சார் கூப்பிட்டார். நல்ல மனுஷர், என் முகத்தைப் பார்க்க முடியாமல் மேஜையைப் பார்த்துக்கொண்டு பேசினார். கேம் தெரிந்த ஆள் செய்கிற டெஸ்டிங் வேறே இருக்கிறது, அதற்குத் தப்புகளை இங்கிலீஷில் டைப் பண்ண வேண்டும் என்றார். என்னால் முடியாது என்று அவருக்கும் தெரியும். "உங்களை மாதிரியே ஒரு ஆள் இருந்தா சொல்லுங்கம்மா" என்றார். ஆபீஸ் கூட்டித் துடைக்கிற வேலையாவது கொடுங்க சார், பிள்ளை என்கூட இருக்கணும் என்று கேட்க நினைத்தேன். பாப்பா மடியில் முழித்திருந்தால் அவளிடம் சொல்கிற மாதிரி சொல்லியிருப்பேன். அவள் மூலையில் துண்டு விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். சரிங்க சார் என்று மட்டும் வந்தது.

எங்கள் தெருவில் அதற்குள் கேம் தெரியாதவர்கள் யாரும் இல்லை போலிருந்தது. கடைசியில் எதிர்வீட்டு மாடிக்குப் புதுசாகக் கல்யாணம் ஆகி வந்திருந்த செல்வியைக் கேட்டேன். போனே கல்யாணத்துக்கு அப்புறம்தான் அவள் கைக்கு வந்திருந்தது. அவளைக் கோச்சடைக்குக் கூட்டிப் போன நாளுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான், பாப்பாவைப் பேரையூரில் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தேன். நான் கிளம்பும்போது பாப்பா அழவில்லை, பஸ்ஸுக்கு டாட்டா காட்டினாள். செல்வியோடு டவுன் பஸ்ஸில் போகும்போது வெறும் மடியில் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அந்த வேலை எப்படிப்பட்டது என்று அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று ஸ்டாப்புக்கு ஸ்டாப் நினைத்தேன். நான் அவளுக்காகப் பயப்படுகிறேன் என்று நினைத்து அவளே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க ஏன்க்கா பயப்படுறீங்க? உங்க பேரைக் காப்பாத்துவேன். ரெண்டே மாசத்துல அம்புட்டையும் கத்துக்கிருவேன், பாருங்க."

இப்போது மில்லில் சூப்பர்வைசர் தினமும் என்னைப் பார்த்து "இதுகூடத் தெரியாதா உனக்கு" என்று கத்தும்போது, தெரியாததுக்குத்தான் எனக்குக் கோச்சடையில் சம்பளமே கொடுத்தாங்க சார் என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வருகிறது, ஆனால் எதிரில் இருப்பவர் ஆம்பிளை, மடியில் பிள்ளையும் இல்லை, எப்படிச் சொல்வது?