ஈரம் ஆகாத மிஷின்

யார் காகிதம் நீட்டினாலும் மைதிலி முதலில் அதைக் கன்னத்தில் ஒற்றிப் பார்க்கிறார். பனியன் கம்பெனியில் துணியின் ஈரம் பார்த்த பழக்கம். பெருமாநல்லூரில் ஜெராக்ஸ் கடை போட்ட பிறகும் போகவில்லை. "ஈரமா இருந்தா மிஷின் மென்னு துப்பீருமுங்க."

எப்போதோ ஒரு மெக்கானிக் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, ஜெராக்ஸ் என்ற சொல்லின் பூர்வீகத்தையும் தேடி வைத்திருக்கிறார். கேட்காதவர்களுக்கும் சொல்வார். "அது கம்பெனி பேருங்க. கிரேக்க பாஷையில உலர்ந்ததுன்னு அர்த்தத்துல இருந்து வந்துச்சாமா. முன்னெல்லாம் நகலெடுக்கத் தண்ணி மருந்து வேணுமுங்க. இதுல வெறும் கறுப்புப் பொடி. சூடு பண்ணி ஒட்ட வெக்குது."

"காப்பி கேட்டா பாடம் நடத்துறீங்களே!" என்பார் பக்கத்து பேக்கரி வேல்குமார்.

"உங்க காப்பி ஈரமுங்க, என்ற காப்பி காஞ்சது."

சென்ற வாரம் கொட்டும் மழையில் சகாயராஜ் ஓடிவந்தார். சாத்தூர்ப் பக்கத்துக்காரர், கார்மெண்ட்ஸில் அயர்ன் மாஸ்டர். மகளைப் பதினொன்றாம் வகுப்பில் சேர்க்க அன்றுதான் கடைசி நாள். பை நனைந்து, மாற்றுச் சான்றிதழும் அதன் நகல்களும் ஊறிவிட்டன. மனிதர் தன் தொழிலை நம்பி, நகல்களை டேபிளில் விரித்து, மேலே துணி போட்டுத் தேய்த்திருக்கிறார்.

"எழுத்தெல்லாம் துணியில ஒட்டிருச்சுக்கா. ஒரிஜினலையாவது கம்மிச் சூட்டுல தேய்ச்சுப் பாக்கட்டா?"

"அய்யோ, வேண்டாமுங்ணா! சூட்டுல ஒட்டுன பொடி சூட்டுலயே கழண்டுருமுங்க. ஒரிஜினலும் அதே பொடியில அடிச்சதுதானுங்க."

மிஷின் துடைக்க வைத்திருந்த பனியன் வேஸ்ட்டில் புதுத்துண்டுகளாகப் பொறுக்கி, சான்றிதழை நடுவில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினார். துணி ஈரம் குடித்ததும் வேறு துணி. மறுபடி அழுத்தல்.

"ஆபீஸைப் பூட்டிருவாங்கக்கா."

"நீங்க கடியாரத்தப் பாத்தா காயிதம் காயாதுங்ணா. அடுத்த துணி எடுங்க."

ஒருவழியாகக் கண்ணாடியில் வைத்து மூடினார். வெளிச்சம் நகர்ந்தது. சூடாக வந்த தாளில் பள்ளி முத்திரை தெளிவாக விழுந்திருந்தது. சகாயராஜ் மகளின் பெயரை வாய்விட்டே படித்தார். "புள்ள பேரு முழுசா இருக்குக்கா!"

வெளியே மழை விடவில்லை. மைதிலி மிஷினின் பிளாஸ்டிக் உறையை எடுத்துவந்து, காகிதங்களைச் சுற்றி அவர் கையில் திணித்தார். அவர் ஓடியதும், தன் துப்பட்டாவைக் கழற்றி, சாரல் அடித்த பக்கமாக மிஷின்மேல் போர்த்தினார்.