வசந்தாவின் முப்பது நாள்கள்

கடந்த வியாழக்கிழமை காலை கிருஷ்ணப்பா தொலைபேசியில் அழைத்தார். “வசந்தா போயிட்டாங்க மேடம். தூக்கத்துலயே.” மனைவியைப் பற்றி அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை.

ஒக்கலிபுரத்தில் என் வீட்டில் கூடும் நம் வாசகர் வட்டத்தில் வசந்தாவை அறியாதவர் இல்லை. பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் எழுத்தர். முப்பது வயதில் முதல் கணவரை இழந்தவர். பழைய நாவல்களில் மறுமணத்துக்கு ஆசைப்படும் விதவைகளின் கதியை அவர் கணக்கெடுத்து வைத்திருந்தார். “காய்ச்சல், கிணறு, ரயில். மூணுல ஒண்ணு கேரண்டி மேடம். பொண்டாட்டி செத்த ஆம்பளைக்கு மட்டும் ஒரு தும்மல்கூட வராது.”

தொண்ணூற்றாறில், ஐம்பத்தொரு வயதில், உடன் பணியாற்றிய கிருஷ்ணப்பாவைப் பதிவுத் திருமணம் செய்துகொள்ளத் தீர்மானித்து என்னைச் சாட்சிக்கு அழைத்தார். மறுமணத்தை ஆதரித்துக் கல்லூரியில் இருபத்தைந்து ஆண்டுகள் முழங்கியவள் நான், மறுக்க வழியில்லை. கிருஷ்ணப்பா வீட்டில் எதிர்ப்பே இல்லை. ஆண்பிள்ளைக்குச் சமைத்துப்போட ஆள் வேண்டுமே என்றார்கள். வசந்தாவின் மகனோ, “அந்த ஆபீஸ் படி ஏறினா காலை உடைப்பேன்” என்றான். பதிவு அலுவலகப் பலகையில் இருவர் பெயரையும் முப்பது நாள் ஒட்டிவைப்பது சட்டம். யார் படிக்கிறார்கள் என்று பார்க்க மதியந்தோறும் போய் நின்றேன். பின்னால் யாராவது இருமினால் திரும்பிப் பார்ப்பேன்.

இருபத்தெட்டாம் நாள் அந்த மகன் என் வீட்டுக்கே வந்தான். காபியைக் குடித்து முடித்தபின், “எந்தத் தேதி மேடம்?” என்றான். கத்தியிருந்தால் பொய் சொல்லியிருப்பேன். பணிவாகக் கேட்டான், அந்தப் பணிவுக்கு அஞ்சித் தேதியைச் சொல்லிவிட்டேன்.

வசந்தாவைத் தொலைபேசியில் அழைத்து ஒப்புக்கொண்டேன். “விடுங்க. சாட்சி ஒருத்தர் வரலைன்னா அவனையே கையெழுத்து போடச் சொல்லலாம்” என்றார்.

குறித்த நாளில் அவன் அலுவலக வாசலில் பைக்கில் உட்கார்ந்திருந்தான். வசந்தாவின் கையைப் பிடித்து நிறுத்தினேன். “திரும்பிடலாமா?” என்றேன்.

“எனக்கும் பயம்தான் மேடம். பயந்துகிட்டே போட்டாலும் கையெழுத்து செல்லும்.”

அவனைக் கடந்து படியேறினோம். அவன் இறங்கவில்லை, காரணம் இன்றுவரை எனக்குத் தெரியாது. வசந்தாவின் கையெழுத்து கோட்டுக்கு மேலேறியும் கீழிறங்கியும் ஓடியது. என்னுடையது அதைவிட மோசம்.

இப்போது வரன்கள் கணினியில் வருகின்றன. ஐம்பது வயதுப் பெண்ணை அங்கேயும் யாரும் தேடுவதில்லை.

மயானத்தில் படிவத்தை நிரப்பியவன் அதே மகன். ‘கணவர் பெயர்’ என்ற இடத்தில் பேனாவை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தான். பயந்துகொண்டே, “கிருஷ்ணப்பா” என்றேன். எழுதினான்.

பயம் தீரட்டும் என்று காத்திருக்கும் வழக்கத்தை வசந்தா என்னிடமிருந்து எடுத்துப் போய்விட்டார். அவர் எனக்கு விட்டுச்சென்றது, பயத்தோடேயே செய்துவிடும் வழக்கத்தை.