சுளுக்குதான்

என் அக்கா மாவுக்கட்டு போடுகிறவள். பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் இடத்தைத் தாண்டிப் போனால் ஜன்னலே இல்லாத ஓர் அறை வரும். அங்கே ஒரு நீளமான மேசை, வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பிய பேசின், பஞ்சுச் சுருள்கள், எக்ஸ்ரே படத்தை மாட்டிப் பார்க்கச் சுவரில் ஒரு விளக்குப் பெட்டி. வெளியே மழையா வெயிலா என்று உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது. அங்கேதான் அவளுடைய பாதி ஆயுள் போயிருக்கிறது. வீட்டுக்கு வரும்போது செருப்பிலும் புருவத்திலும் வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருக்கும். தெரியாதவர்கள் பார்த்தால் எங்கேயோ சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டு வருகிறாள் என்று நினைப்பார்கள்.

அந்த அறைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள். கையைத் துண்டில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, ஏதோ எண்ணெயைத் தடவிக்கொண்டு, வீங்கின பிறகு வந்து நிற்பார்கள். "சுளுக்குன்னு நினைச்சேங்க" என்பார்கள். அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

"சுளுக்குன்னு யாரு சொன்னா? உங்க எலும்பு வந்து உங்க காதுல சொல்லிச்சா?"

திட்டிக்கொண்டே முதல் வேலையாக மோதிரத்தைக் கழற்றச் சொல்வாள். விரல் வீங்கிவிட்டால் பிறகு மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டும். அடுத்து, எலும்பை இழுத்து நேராக்கும்போது ஆள் பல்லைக் கடித்துக்கொண்டு வீரம் காட்டினால் அதற்கும் திட்டு. "கத்தணும்னா கத்துங்க, காசா பணமா? இங்க கத்தாம வேற எங்க போய்க் கத்துவீங்க?"

ஊரையே கத்தச் சொல்கிறவள், தான் மட்டும் கத்த மாட்டாள். ஒருமுறை கார் கதவில் விரல் நசுங்கியபோது "ம்" என்றாள், அவ்வளவுதான். பதறிக் கூச்சல் போட்டவன் நான்.

இப்படிப்பட்டவளுக்கு மலைப்பாதையில் மோட்டார் பைக் ஓட்டும் பைத்தியம் எங்கிருந்து பிடித்தது என்று எல்லோரும் என்னைக் கேட்கிறார்கள். எனக்கு வண்டி உதிரிபாகக் கடை இருப்பதால் நான்தான் கெடுத்துவிட்டேன் என்று நினைப்பு. இல்லை சாமி. அவளைக் கெடுத்தவர்கள் அவளிடம் கட்டுப் போட வந்தவர்கள்.

எங்கள் ஊருக்கு மேற்கே ஒரு மலை இருக்கிறது. உச்சியில் எப்போதோ கைவிட்ட ஒரு காவல் கோபுரம். அதுவரை போகும் பாதை மண்ணும் கல்லும் சேறுமாக இருக்கும். விடுமுறை நாட்களில் பைக்கை எடுத்துக்கொண்டு ஏறப் போகிறவர்களில் சிலர் நேராக அக்காவின் மேசைக்கு வந்து சேர்வார்கள். ஈரக் கட்டைச் சுற்றிக்கொண்டே, வலியை மறக்கடிக்க, எங்கே விழுந்தீர்கள் என்று கேட்பாள். அவர்களும் சொல்வார்கள். இரண்டாவது வளைவில் சரளைக்கல் சறுக்கிவிட்டது, ஓடையில் பாசி வழுக்கிவிட்டது என்று. மலையைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே, எந்த இடத்தில் எந்த எலும்பு போகும் என்று அவளுக்கு அத்துப்படி.

"ஆனா ஒண்ணுடா" என்று ஒருநாள் என் கடையில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள். "மாடிப்படில விழுந்தவன் அழுதுட்டே சொல்றான். குளியலறைல விழுந்தவன் வெக்கப்பட்டுட்டே சொல்றான். இவங்க மட்டும் எலும்பு உடைஞ்சும் சிரிச்சுட்டே சொல்றாங்க. மேல நின்னா நாலு பக்கமும் தெரியுமாம். அப்படி என்னதான்டா இருக்கு அங்க?"

ஜன்னல் இல்லாத அறையில் இருக்கிறவள் கேட்கிற கேள்வி அது. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. ஏதோ பேச்சுக்குச் சொல்கிறாள் என்று பல்பை எடுத்து ஒரு வாடிக்கையாளரிடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நாளில் கரடுமுரடான பாதைக்கென்றே செய்த பழைய வண்டி ஒன்று விற்பனைக்கு வந்தது. அதைக் கழற்றி மாட்டித் தரச் சொல்லி ஒற்றைக் காலில் நின்றாள். ஐம்பதைத் தொடப் போகிறவள், செங்கல் சூளைக்குப் பின்னால் இருந்த பொட்டலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டாள். விழுந்தாள், எழுந்தாள், சிராய்த்துக்கொண்டாள். நானும் பக்கத்தில் இன்னொரு வண்டியில் தொப்பையைத் தூக்கி டேங்க்கின் மேல் வைத்துக்கொண்டு போய்வந்தேன்.

மாமாவைச் சம்மதிக்க வைத்ததுதான் பெரிய கதை. அக்காவின் வீட்டுக்காரர் லிப்ட் பராமரிப்பு பார்க்கிறவர். ஒரு கம்பிவடம் அறுந்தால் இன்னொன்று தாங்க வேண்டும், அதுவும் போனால் பிரேக் பிடிக்க வேண்டும் என்று வாழ்கிற மனிதர். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். சின்னதாக ஒரு கோளாறு இருந்தாலும் லிப்ட்டைப் பூட்டிவிடுவார். பத்தாவது மாடிக்காரர்கள் தலைகீழாக நின்று கெஞ்சினாலும் "பரவாயில்லை" என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வராது. அவர் அக்காவிடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"சிராய்ப்பு, சுளுக்கெல்லாம் கணக்குல சேக்கல. ஆனா எலும்பு முறிஞ்சுதுன்னா வண்டி வீட்டை விட்டுப் போயிடணும். சரியா?"

"சரிங்க" என்றாள் அக்கா. அவள் ஒரு வார்த்தை கொடுத்தால் கொடுத்ததுதான். அது மாமாவுக்கும் தெரியும்.

போன மழைக்குப் பிறகு, மண் இறுகியிருந்த ஒரு காலையில் நாங்கள் இருவரும் மலை ஏறினோம். வழியெல்லாம் அக்காதான் வழிகாட்டி. வளைவுக்கு முன் வண்டியை நிறுத்துவாள். "இது தோள்பட்டை எலும்பு வளைவு, உள்பக்கமா வா" என்பாள். ஓடை வந்ததும் "இங்க கணுக்கால் போகும். காலை ஊனாத, வேகத்தைக் குறைக்காம போயிடு" என்பாள். அவள் சொன்னபடி போனேன். என் வாழ்க்கையில் முதல் தடவையாக அக்கா சொன்னதை மறுபேச்சில்லாமல் கேட்டது அன்றைக்குத்தான். எல்லா ஆபத்தையும் தாண்டி வந்துவிட்டோம். மரங்கள் விலகின. கடைசி வளைவுக்கு மேலே கோபுரம் தெரிந்தது.

அங்கே தரை என்னவோ எங்கள் கடை வாசல் மாதிரி சமமாகத்தான் இருந்தது. அக்கா வேகத்தைக் குறைத்து, தலையைத் தூக்கிக் கோபுரத்தைப் பார்த்தாள். முன்சக்கரம் ஒரு புல்மேட்டில் மோதித் திரும்பியது. வண்டி ஏறக்குறைய நின்ற நிலையில் அப்படியே இடதுபக்கம் சாய்ந்தது. அவள் கையை ஊன்றினாள்.

எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஓடிப் போவதற்குள் அவளே எழுந்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கையுறையைக் கழற்றி என்னவோ செய்துகொண்டிருந்தாள்.

"என்னக்கா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. சுளுக்கு."

நான் நம்பினேன். ஊரில் பாதிப்பேர் எலும்பைத் தொட்டுப் பார்த்தவள் சொன்னால் நம்பாமல் என்ன செய்வது? மணிக்கட்டைக் கைக்குட்டையால் சுற்றிக்கொண்டாள். வண்டியைத் தூக்கிக் கொடுத்தேன். ஏறி உட்கார்ந்தாள். இடது கையால்தானே கிளட்சைப் பிடிக்க வேண்டும்? அவள் விரல்கள் கிளட்சின் மேல் போய் உட்கார்ந்தன, அழுத்தவில்லை. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு அணைந்துபோனது. மறுபடி உதைத்தாள். மறுபடி அணைந்தது. ஹெல்மெட்டுக்குள் முகம் வேர்த்துக் கொட்டியது. வாயிலிருந்து ஒரு சத்தமில்லை.

"கொஞ்சம் தண்ணி குடிக்கா" என்று பாட்டிலை நீட்டினேன். வலது கையால் வாங்கினாள். அப்போதுதான் இடது கையைப் பார்த்தேன். மோதிர விரலில் மோதிரம் இல்லை. மோதிரம் இருந்த இடத்தில் வெளுத்த வளையம் மட்டும் இருந்தது.

"அக்கா, மோதிரம் எங்க?"

"பையில இருக்கு."

"எதுக்குக் கழட்டின?"

பாட்டிலை என்னிடம் திருப்பி நீட்டினாள். விழுந்து எழுந்த அந்த ஒரு நிமிடத்திலேயே, என்னிடம் சுளுக்கு என்று சொல்வதற்கு முன்னாலேயே, அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவள் கை தன் வேலையைப் பழக்கத்தில் செய்துவிட்டது. வாய்தான் வேறு எதையோ சொல்லியிருக்கிறது.

"சுளுக்குன்னு யாரு சொன்னா? உன் எலும்பு வந்து உன் காதுல சொல்லிச்சா?" என்று கத்தினேன்.

"இன்னும் ஒரு வளைவுதான்டா. நடந்தாவது போயிடலாம். உடைஞ்சது உடைஞ்சதாவே இருக்கட்டும், மேல போய்ச் சேர்ற வரைக்கும் இது சுளுக்காவே இருக்கட்டுமே."

"பூசி மெழுகற வேலையெல்லாம் ஆஸ்பத்திரியோட வச்சுக்க. விரலைப் பாரு, எப்படி வீங்குதுன்னு. இந்தக் கை போச்சுன்னா நாளைக்கு யாருக்குக் கட்டுப் போடுவ?"

வண்டியிலிருந்து இறங்கினாள். இந்தக் கேள்வியை அவளும் தனக்குள் கேட்டிருப்பாள். வண்டிச் சாவியை உருவி என் பையில் போட்டுக்கொண்டேன். டியூபுக்குக் காற்றடிக்கிற கை பம்ப்பை மணிக்கட்டுக்குக் கீழே அணைகொடுத்து, பழைய டியூபைக் கீறி அவள் சொல்லச் சொல்லக் கட்டினேன். "இறுக்காத. விரல் நீலமாச்சுன்னா அவுத்துடணும்" என்றாள். குரல் அவ்வளவு அமைதியாக இருந்தது. அவள் வண்டியை ஒரு பாறைக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடினேன். அக்கா அதை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

என் பின்னால் உட்கார்ந்து இறங்கி வந்தாள். ஏறும்போது வளைவுக்கு வளைவு பேசியவள் இறங்கும்போது வாயே திறக்கவில்லை. ஓடையைத் தாண்டிய பிறகு மட்டும், தனக்குத்தானே சொல்வது போல், "அந்த இடத்துல யாரும் விழுந்ததில்லடா" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அடிவாரத்தில் சிக்னல் கிடைத்ததும் மாமாவைக் கூப்பிட்டேன்.

"அக்கா விழுந்துட்டா மாமா. இடது கை."

"எலும்பா?"

"படம் எடுத்தாத்தான் தெரியும்."

அந்தப் பக்கம் ஸ்பேனர்களைப் பையில் போடும் சத்தம் கேட்டது. "நேரா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வா" என்று வைத்துவிட்டார்.

படம் எடுத்தார்கள். மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே எலும்பு முறிந்து நகர்ந்திருந்தது. டாக்டர் சொல்வதற்கு முன்பே அக்கா படத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். தன் அறையில், தன் மேசையில், முதல் தடவையாகப் படுத்தாள். அவளோடு வேலை பார்ப்பவரை எல்லோரும் கத்தரி என்றுதான் கூப்பிடுவார்கள். அக்கா கட்டுப் போடுவாள், அவர் வெட்டி எடுப்பார், அதனால் வந்த பெயர். அன்று அவர் கட்டுப் போட வேண்டிய முறை. பாவம், பேசினில் தண்ணீர் சரியான சூட்டில் இருக்கிறதா என்று இரண்டு தடவை தொட்டுப் பார்த்தார். மாமாவை வெளியே நிற்கச் சொல்லிவிட்டார்கள். நானும் வெளியே போயிருப்பேன், அக்கா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு டாக்டர் முறிவின் மேல் கட்டைவிரலை வைத்தார். கத்தரி அக்காவின் விரல்களைப் பிடித்து இழுத்தார். ஊசி போட்டும் வலித்திருக்க வேண்டும். உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடந்தாள்.

"கத்துங்கக்கா" என்றார் கத்தரி. அவருக்கே கண் கலங்கியிருந்தது. "காசா பணமா? இங்க கத்தாம வேற எங்க கத்துவீங்க?"

அக்கா கத்தினாள். "ஐயோ" என்றோ "அம்மா" என்றோ கத்தவில்லை.

"இன்னும் ஒரே ஒரு வளைவுதான்டா இருந்துச்சு! ஒரே ஒரு வளைவு! வண்டி போயிடுமேடா! இனிமே நான் எப்படிடா மேல போவேன்?"

வராண்டா முழுக்கக் கேட்டிருக்கும். எத்தனையோ வருஷமாக அடக்கி வைத்தது எல்லாம் சேர்ந்து வந்த மாதிரி அழுதாள். நானும் அழுதேன், அதில் என்ன வெட்கம். அதற்குள் எலும்பு தன் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டிருந்தது. கத்தரி பஞ்சைச் சுற்றி, மாவுச் சுருளைத் தண்ணீரில் முக்கி, பிழிந்து, முழங்கை வரை கட்டுப் போட்டு, உள்ளங்கையால் தடவித் தடவி வழவழப்பாக்கினார்.

அப்புறம்தான் மாமாவை உள்ளே விட்டார்கள். வேலையிலிருந்து அப்படியே வந்திருக்கிறார், இடுப்பில் ஸ்பேனர் பையோடு. அக்காவை ஒரு தடவை பார்த்தார். அக்காவின் பையிலிருந்த மோதிரத்தை நான் எடுத்துக் கொடுத்தேன். ஸ்க்ரூ போட்டு வைக்கும் சின்ன டப்பாவைத் திறந்து அதற்குள் போட்டு, மூடியை இறுக்கித் திருகினார். பிறகு விளக்குப் பெட்டியின் முன்னால் போய் நின்று, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, படத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். லிப்ட்டின் கம்பிவடத்தைப் பார்ப்பது போலவே பார்த்தார். முறிவு குழந்தைக்குக்கூடத் தெரியும், அவ்வளவு பளிச்சென்று இருந்தது.

அக்கா எழுந்து உட்கார்ந்தாள். "பாத்துட்டீங்கல்ல? நான் குடுத்த வார்த்தை அப்படியேதான் இருக்குங்க. வண்டி பாறைக்குப் பின்னாடி நிக்குது. தம்பி போய் எடுத்துட்டு வரட்டும். யாருக்காவது..."

"சுளுக்குதான்" என்றார் மாமா.

கத்தரி பேசினிலிருந்து தலையைத் தூக்கினார். நான் மாமாவைப் பார்த்தேன். அவர் இன்னும் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் பெரிய சுளுக்கு. ஆற நாளாகும். அதுவரைக்கும் வண்டிய யாரும் தொடக்கூடாது" என்றார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடித்தார். "ஆனா சுளுக்குதான்."

அந்த அறையில், அந்த வார்த்தையைச் சொன்ன ஒருவரையும் அக்கா இதுவரை சும்மா விட்டதில்லை. வாயைத் திறந்தாள். யாரு சொன்னா என்று கேட்கப் போகிறாள் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். அவள் மாமாவைப் பார்த்தாள், இறுக இறுகச் சூடேறத் தொடங்கியிருந்த கட்டைப் பார்த்தாள், அதன் மேல் வலது கையை வைத்துக்கொண்டாள்.

"ஆமாங்க" என்றாள். "சுளுக்குதான்."