நார்மல் என்று வந்த ரத்தம்

என் மனைவிக்கு மூட்டுவாதம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கிவைக்கும் மாத்திரைகளைப் பல வருடங்களாகச் சாப்பிட்டு வந்தாள். வீங்கிய விரல்களோடுதான் கோவிலம்பாக்கத்தில் எங்கள் வீட்டு மாடியில் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

ஒரு திங்கட்கிழமை காலை அவளால் எழுந்து உட்கார முடியவில்லை.

"என்ன பண்ணுது?" என்றேன்.

"தெரியலைங்க. ஜுரம் இல்ல. ஆனா உடம்பு சரியில்ல."

பக்கத்து கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள். மதியம் ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: "வெள்ளை அணுக்கள் நார்மல்தான் சார். இன்ஃபெக்‌ஷன்னா ஏறியிருக்கும். சும்மா அசதி. ரெஸ்ட் எடுக்கட்டும்."

எனக்கு உயிர் வந்தது. ஆட்டோவில் அவள் என் தோளில் சாய்ந்துகொண்டு, "பாத்தீங்களா, பாஸாயிட்டேன்" என்று சிரித்தாள்.

சாயங்காலம் மூச்சு வாங்க ஆரம்பித்தது. கைகால் சில்லிட்டது. என்னை வெறித்துப் பார்த்து, "அண்ணா, எப்ப வந்தீங்க?" என்றாள். அவள் அண்ணன் இறந்து வெகு காலமாகிவிட்டது.

தாம்பரத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். "காலைல எடுத்த ரத்தத்துல வெள்ளை அணு கவுன்ட் நார்மல் டாக்டர், நார்மல்" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அந்த டாக்டரம்மா முதலில் அவள் மூச்சையும் பிரஷரையும் பார்த்தார். பிறகுதான் என்னிடம் வந்தார்.

"நார்மல்னா இன்ஃபெக்‌ஷன் இல்லைன்னு அர்த்தம் இல்ல சார். ஆரம்பத்துல ஏறாமலும் இருக்கும். ரொம்ப முத்திட்டா இறங்கியும் போகும். இவங்க சாப்பிடற மாத்திரைக்கு ஜுரமே வெளியில தெரியாது. அந்த ஒரு நம்பரை மட்டும் வெச்சு சொல்லிட முடியாது."

சிறுநீர்ப் பாதையில் தொடங்கிய கிருமி ரத்தத்தில் கலந்திருந்தது. ஊசி, மருந்து, கடைசியில் செயற்கை சுவாசம். அவளுக்கு நினைவு திரும்பவேயில்லை. அந்த வாரம் முடிவதற்குள் போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்தபின் கிளினிக் டாக்டர் வீட்டுக்கு வந்தார். கண் கலங்கியிருந்தது.

"அந்த நம்பரை நம்பிட்டேன் சார்."

"நானும்தான் நம்பினேன்" என்றேன். அவர்மேல் கோபப்படக்கூட என்னிடம் தெம்பில்லை.

காபி போட்டுக் கொடுத்தேன். அவர் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு எழுந்தார். அவர் போனபிறகு என் டம்ளரை எடுத்துக் குடித்தபோதுதான் சர்க்கரையே போடவில்லை என்று தெரிந்தது. சர்க்கரை டப்பாவை எங்கே வைத்திருக்கிறாள் என்று சமையலறையில் தேடினேன். அப்படியே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.